இரண்டு நிமிடம் பன்னிரண்டு செக்கன்

எனக்கு என் சகலன் றிஸ்வான் மேல் பொறாமை. இதை அச்சில் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. இருந்த வெட்கம் முழுவதும் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் மாமனார் வீட்டு ஹோலில் செலவாகிவிட்டது.

எங்கள் சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மூத்த மகள் சுமையாவை முடித்து நான் போனேன். ஆறு வருடம் அந்த வீட்டில் மீன் தலை எனக்குத்தான். பிறகு இளையவளை முடித்து றிஸ்வான் அதே வளவுக்குள் வந்தான். கட்டாரில் இருந்து திரும்பிய பொறியியலாளன், ஆறடி உயரம், பள்ளிவாசல் தொழுகையில் எப்போதும் முதல் வரிசை. அந்த வாரமே கொடுவா மீன் தலை அவனுடைய சோத்துக் கோப்பைக்கு மாறியது. (வால் துண்டிலும் சதை இருக்கத்தான் செய்கிறது.)

அவனுடைய கல்யாணத்தில் மாமா தானே எழுதிய கவி ஒன்றை மைக்கில் பாடினார். மாமா இளைப்பாறிய தபால் அதிபர். ஆனால் கவி படிக்கத் தொடங்கினால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். சவுண்ட்ஸ்காரர் அதைப் பதிந்து ஒரு சீடியில் கொடுத்தார். மூன்று வருடம் கழித்துத் தொண்டையில் செய்த ஒப்பரேஷன் மாமாவின் குரலைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அவர் பேசினால் காற்றுதான் வருகிறது. பழைய குரலுக்கு மிச்சம் அந்த ஒரு சீடி மட்டும்தான்.

றிஸ்வான் அதை எம்பி3 ஆக்கி மாமாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். மாமா சுபஹ் தொழுதுவிட்டு வந்து தினமும் கேட்பார். கேட்டு முடித்ததும், "றிஸ்வான் மகன் செஞ்சு தந்த வேல" என்பார். தினமும் சொல்வார். எனக்கு வாயில் இருக்கும் தேநீர் கசந்துவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் இணையத்தில் அந்த மென்பொருளைக் கண்டேன். சீடியில் உள்ளதை ஒரு துளியும் குறையாமல் கணினிக்கு எடுத்துத் தருமாம். எம்பி3 அப்படியில்லை, சத்தத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் சின்னதாகுமாம். வாசித்த உடனேயே மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, எம்பி3 எண்டா கொஞ்சத்த எறிஞ்சிபோட்டுத்தான் மிச்சத்த வெக்கிற."

மாமாவின் முகம் மாறியது. "மகன், என்ட குரல்ல எத எறிஞ்சிரிக்கி?"

"அதத்தான் பாக்கணும் மாமா" என்றேன், டொக்டர் மாதிரி.

குரலை இழந்த மனிதரிடம் மிச்சத்தையும் ஒருவன் எறிந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்று எனக்கு வந்ததோ பெரிய சந்தோஷம்.

என் மடிக்கணினியில் சீடி போட இடமில்லை. நான் வேலை செய்யும் கந்தோரில் கெஞ்சி ஒரு ட்ரைவ் வாங்கி வந்தேன். இந்த மென்பொருள் லேசுப்பட்டதல்ல. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரே பதில் வரும்வரை விடாது. சீடியிலோ நல்ல கீறல்கள். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குத் தொடங்கியது வெள்ளி ஜும்ஆவுக்குப் போகும்போதும் எழுபத்தொரு வீதத்தில் நின்றது. குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது நான் எழுபத்திரண்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். (அல்லாஹ் மன்னிப்பானாக.) கடைசியில் பச்சை எழுத்தில் அறிக்கை வந்தது: பிழை எதுவும் இல்லை.

றிஸ்வானின் எம்பி3 பதிவையும் நான் எடுத்த பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடையது இரண்டு நிமிடம் பன்னிரண்டு செக்கன் குறைவு! தொடக்கத்திலேயே வெட்டுப்பட்டிருந்தது. தரம் குறைந்ததை மாமாவுக்கு விளக்குவது கஷ்டம், நீளம் குறைந்தால் எவருக்கும் விளங்கும்.

போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. எனக்கு மாமாவின் கவி தேவைப்படவில்லை, றிஸ்வானின் தோல்விதான் தேவைப்பட்டது. அதற்கு அறிக்கையே போதுமாக இருந்தது.

பெருநாள் பின்னேரம் குடும்பம் முழுவதையும் ஹோலில் இருத்தி, கணினியை டீவியில் மாட்டி, சின்னதாக ஒரு உரையும் நிகழ்த்தினேன். "இதுக்குப் பேர் லொஸ்லெஸ். ஒண்டும் விடுபடாது. சில பேர் ரெண்டு நிமிசத்துக்கு மேல வெட்டி எறிஞ்சிரிக்காங்க."

றிஸ்வான் எழும்பி வந்து, அண்ணனிடம் சொல்வதுபோல் என் காதோடு சொன்னான். "காக்கா, கவிய மட்டும் போடுவமே. முன்னுக்குள்ளது வெறும் இரைச்சல்."

பயந்துவிட்டான் என்று நினைத்தேன். "முழுக்கத்தான் போடணும்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு பிளே பட்டனை அமத்தினேன்.

முதலில் கோப்பைகள் உரசும் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அத்தனை தெளிவு. "சஹன கெதியா வெக்கச் சொல்லு. மாமா கவி படிக்கப் போறாராம். சனம் எழும்பி ஓடிரும்." யார் இந்த மரியாதை கெட்டவன் என்று நானும் கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன்.

"இஞ்சாருங்க, அது உங்கட குரல்" என்றாள் சுமையா.

அன்று பந்தியில் சஹன், அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் சோத்துத் தட்டம், வைக்கும் பொறுப்பு எனக்கு. திரைக்குப் பின்னால் கூட்டாளியோடு நின்றிருந்தேன், பக்கத்தில் ஒரு மைக். சவுண்ட்ஸ்காரர் மண்டபத்து ஸ்பீக்கரை மூடியிருக்கிறார், பதிவை மூடவில்லை. டீவியில் நான் தொடர்ந்துகொண்டிருந்தேன்: "புதுமாப்புள்ளயப் பாரு, கோட்டுக்குள்ள ஆளக் காணல்ல, ஹேங்கர்தான் தொங்குது." கணினியின் பட்டன்களைக் கண்டபடி அமத்தினேன். சத்தம்தான் கூடியது.

"நிப்பாட்டாதீங்க" என்று மாமா கையை உயர்த்தினார்.

கடைசி வசனம் வந்தது. "எனக்குப் பொண்ணு தரக்குள்ள கவியும் இல்ல ஒண்டும் இல்ல. இவருக்கு மட்டும் கவியாம்." அந்தக் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதுவும் ஒரு துளி குறையாமல் பதிவாகியிருந்தது. அதன் பிறகுதான் மாமாவின் கவி தொடங்கியது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பூமி பிளக்கவில்லை. நான் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கவி முடிந்ததும் மாமா சொன்னார், "அது சரிதானே. மூத்தவருக்கு நான் படிக்கல்லதானே." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காற்றுக் குரலிலேயே இழுத்துப் பாடினார்:

"சோத்துக்கு முந்திச் சொல்லு வந்த மருமகனே,
காத்தோட போன கத கம்பியில ஏறிட்டே!"

வீடு அதிர்ந்தது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. ஒப்பரேஷனுக்குப் பிறகு மாமா பாடியது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுகையும் வந்தது. எனக்கென்று ஒரு கவி கிடைத்துவிட்டது. றிஸ்வான் அதற்குள் போனை எடுத்துப் பதிந்துகொண்டிருந்தான். எம்பி3 தான். குறை சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை.

பிறகு கிணற்றடியில் அவனைத் தனியாகப் பிடித்தேன். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வெட்டினயா?"

"ஓம் காக்கா. மாமா கேட்டா மனசு நோகும், உங்களுக்கும் வெக்கமாப் போகும். அதான்."

இத்தனை வருடம் என் பேச்சைத் தெரிந்து வைத்துக்கொண்டே என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறான். உயரம், உத்தியோகம், முதல் வரிசை எல்லாவற்றையும் எப்படியோ சகித்திருந்தேன். நல்ல மனசும் அவனுக்கே என்றால் ஒரு மனிதன் எத்தனையைத்தான் தாங்குவது? அன்றிலிருந்து என் பொறாமை இரண்டு மடங்காகிவிட்டது.

மாமி இப்போது எங்கள் இருவரையும் வேறுபடுத்திச் சொல்ல, அவனை "றிஸ்வான் மருமகன்" என்கிறா, என்னை "லொஸ்லெஸ் மருமகன்" என்கிறா. அந்தப் பேர் வளவைத் தாண்டித் தெருவுக்கும் போய்விட்டது. போன மாதம் புதிதாகக் குடிவந்த அடுத்த வீட்டுப் பெண் சுமையாவிடம் மரியாதையாகக் கேட்டாளாம், "லொஸ்லெஸ் எண்டா எந்தக் கொம்பனி ராத்தா? சம்பளம் நல்லமா?"

"கொம்பனி இல்ல புள்ள" என்றாளாம் என் மனைவி. "அது அவர்ட வாய்."