எறக்குங்க

எறக்கு அண்ணனிடம் பேசிவிட்டுக் குழம்பாமல் திரும்பிய ஆள் கொல்லிமலையில் ஒருவரும் கிடையாது. வாடகைக் கார் ஓட்டுபவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு நேர்ரோடு. ஆனால் கன்னத்தில் எந்நேரமும் பாக்கு. ‘இறங்குங்க’ என்பதும் ‘இறக்குங்க’ என்பதும் அவர் வாயில் ‘எறக்குங்க’ என்று ஒரே சொல்லாகிவிடும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

என் மனைவிக்கு வாழவந்தி நாட்டுப் பள்ளியில் வேலை. செம்மேட்டில் குடியேற, காளப்பநாயக்கன்பட்டியில் அவர் காரில் ஏறினோம். நான்கு மாத மகள் மனைவியின் மடியில். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. டிக்கியிலிருந்து குழந்தை சீட் ஒன்றை எடுத்து, பின்பக்கம் பார்த்தபடி பின்னிருக்கையில் மாட்டினார்.

“முன்னாடி பார்த்து மாட்டக் கூடாதா?” என்றேன்.

“முன்னாடி பாத்து அது என்னுங்க, வழியா சொல்லப்போவுது? பிரேக் போட்டா கழுத்து தாங்காதுங்க.”

மகளை உட்காரவைத்து, தோள் பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்தார். விரலில் மடிந்து வந்தது. “கிள்ள வந்தா லூசுங்க” என்று இறுக்கினார்.

பாதி மலையில் ஓரங்கட்டி, “எறக்குங்க” என்றார். நான் பையோடு இறங்கி, என்ன தப்பு செய்தோம் என்று பனியில் நின்றேன்.

“உங்கள ஆரு சொன்னா? புள்ளையத்தானுங்க. கொஞ்சம் கைகால் நீட்டட்டும்.”

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். மைத்துனர் வாங்கித் தந்த ஆடும் சீட்டில் மகள் காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தாள். “எறக்குங்க” என்றார். மனைவி பதறி ஓடி அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கினாள்.

“ரசத்த இல்ல கண்ணு, புள்ளைய. சீட்டு வண்டிக்குங்க. ஊட்டுல தரைதான்.”

பாயை விரித்து மகளைக் குப்புறப் படுக்கவைத்தார். அவள் தலையைத் தூக்கவில்லை. எதிரே அவரும் தொப்பை அழுந்தக் குப்புறப் படுத்துச் சாவிக்கொத்தை ஆட்டினார். இரண்டு தலைகளும் மெல்ல எழுந்தன. மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

“முழிச்சிருந்தா குப்புற, தூங்குனா மல்லாக்க. பக்கத்துலயே ஆள் இருக்கோணுங்க.”

வண்டியில் வை, வீட்டில் வைக்காதே; குப்புறப் போடு, மல்லாக்கப் போடு. நானும் மனைவியும் அன்று முழுவதும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே இருந்தோம்.

அடுத்த மாதம் நாமக்கல் போய்த் திரும்பினோம். அவருடைய குழந்தை சீட்டில் மகள் அயர்ந்து தூங்கினாள். எழுப்ப மனமில்லை. அவர் பெட்டிகளை வாசலில் வைப்பதற்குள், சீட்டோடு தூக்கிப் போய்க் கட்டிலில் வைத்துவிட்டேன். அவர் போய்விட்டார்.

சற்று நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே கார் திரும்பி வந்தது. “எறக்குங்க, எறக்குங்க.”

“சீட்டை நாளைக்குத் தரேன்” என்றேன். ஏதோ பெட்டி விட்டுப்போயிற்றோ என்று டிக்கியைத் திறக்கவும் போனேன். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மகளின் தாடை நெஞ்சில் படிந்திருந்தது. குறட்டை போல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் முன்பு அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருந்தோம். அவர் சீட்டின் பெல்ட்டைக் கழற்றி, அவளைப் பாயில் மல்லாக்கக் கிடத்தினார். அவள் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். சத்தம் நின்றது. முகம் தெளிந்தது.

“கண்ணாடில பாத்தா பின்னாடி சீட்டக் காணோமுங்க. வண்டில சீட்டு சாஞ்சிருக்கும். கட்டில்ல நிமிந்துக்கிச்சுங்க. தாடை நெஞ்சுல முட்டுனா மூச்சு எந்த வழியாங்க போவும்?”

அவள் கண் விழிக்கும்வரை அவர் அந்தப் பாயை விட்டு எழவில்லை.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. ஹாரன் கேட்டால் “எக்கு, எக்கு” என்று வாசலுக்கு ஓடுகிறாள். நேற்று அவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

“எறக்குங்க” என்றேன்.

பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். காலியாக இருந்தது. “ஆரைங்க?”

“உங்களைத்தாண்ணே. ரசம் இறக்கியாச்சு.”