அறுபது வாத்தும் ஒரு கண்ட்ரோலரும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீடியோ கேம் கண்ட்ரோலரைக் கடையில குடுத்து சரி பண்ணணும். நாலு மணிக்குள்ள வூட்டுக்கு வந்துடணும். அவ்ளோதான்.

ஆடுற கேமைப் பத்தியெல்லாம் நான் இந்தப் பக்கத்துல எழுதுவேன்ல? போன வாரம் எழுதுனத நீங்க படிச்சிருப்பீங்க. படிக்காதவங்க தயவுசெஞ்சு இனிமேலும் படிக்காதீங்க.

அது ரெண்டு பேரு சேந்து பீரோ தூக்கி வூடு மாத்துற கேமு. ஒரு முனைய நான் பிடிக்கணும். இன்னொரு முனைய சவூதியில இருக்குற எங்க மச்சான் பிடிக்கணும். மச்சான்னா என் வூட்டுக்காரரு. கடைசியா ஆத்து மேல ஒரு தொங்குபாலம் வரும். அதத் தாண்டிட்டா கேமு முடிஞ்சுது. நாலு வெள்ளிக்கிழமையா நாங்க தாண்டல. பாதிப் பாலத்துல கேமுக்குள்ள இருக்குற என் ஆளு இடது பக்கமா சாஞ்சு, பீரோவையும் மச்சானையும் சேத்து இழுத்துகிட்டு ஆத்துல வுழுந்துடுவான்.

இத நான் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா?

"பாலத்துல அடிக்கிற ஆத்துக் காத்த எவ்ளோ தத்ரூபமா பண்ணியிருக்காங்க! நம்ம கையிலயே காத்து தெரியுது!"

அதுக்குக் கீழ ஒரு புண்ணியவான் கமெண்ட் போட்டாரு. "அக்கா, அந்த கேம்ல காத்தே கெடையாது. உங்க கண்ட்ரோலர்ல இடது ஸ்டிக்கு போயிடுச்சு. தொடாமலே இடது பக்கமா இழுக்குது."

பழைய பதிவெல்லாம் எடுத்துப் பாத்தேன்.

குதிரை கேமைப் பத்தி: "குதிரைக்குன்னு தனி புத்தி வெச்சிருக்காங்க. நாம ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போவுது. அருமை!"

பேய் வூட்டு கேமைப் பத்தி: "நான் சும்மா இருக்கும்போதே ஹீரோ பயத்துல தானா நகந்து செவுத்தோட ஒட்டிக்கிறான். என்ன ஒரு நடிப்பு!"

கார் ரேஸைப் பத்தி எழுதுனத சொல்ல மாட்டேன். அதுல ரோடு போட்ட இன்ஜினியரைப் பாராட்டியிருந்தேன்.

ஆக, ஒரு வருஷமா நான் விமர்சனம் எழுதுனது எந்த கேமுக்கும் இல்ல. என் ஸ்டிக்குக்கு!

கட்டைவிரலால தள்ளி ஆள நகத்துற அந்த ஸ்டிக்கு ஏன் போச்சுன்னும் எனக்குத் தெரியும். நான் விருத்தாசலத்துல ஒரு பீங்கான் பொம்மை கம்பெனியில பேக்கிங்ல இருக்கேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்தா கையெல்லாம் வெள்ளைத் தூசியா இருக்கும். "கைய கழுவிட்டு எதையும் தொடு"ன்னு மச்சானப் பெத்த உம்மா, எங்க மாமி, கத்துவாங்க. நான் கண்ட்ரோலரைத் தொட்டுட்டு அப்புறம் கைய கழுவுவேன்.

இதுல நாலு மணி எதுக்குன்னு சொல்லிடுறேன். மச்சானுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. அங்க ஜும்மா தொழுகை முடிஞ்சு, சாப்டு உக்காரும்போது இங்க நாலு மணி. போன்ல பேசுனா "சாப்டியா? மாத்திரை போட்டாங்களா உம்மா?"ன்னு பத்து நிமிஷத்துல பேச்சு தீந்துடும். அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகிட்டு, "அப்புறம்?" "நீதான் சொல்லணும்"னு இருப்போம். அதுவே பீரோ தூக்குனோம்னா ரெண்டு மணி நேரம் நிம்மதியா சண்டை போடலாம். அதுக்காகத்தான் போன தடவ லீவுல வந்தப்ப எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேம் பொட்டி வாங்குனாரு.

அடுத்த வாரத்துலேருந்து அவருக்கு வேற சைட்டு. பாலைவனத்துக்குள்ளயாம். அங்க கேம் ஆடுற அளவுக்கு நெட்டு இல்லையாம். நேத்து தாண்டலன்னா, பெருநாளுக்கு அவரு ஊருக்கு வர்ற வரைக்கும் பீரோ பாலத்துலயே நிக்கும்.

அதனால காலையிலேயே கண்ட்ரோலரை எடுத்து, கொஞ்சம் வைக்கோல் வெச்சு, நியூஸ்பேப்பர்ல நாலு சுத்து சுத்தி, பையில போட்டேன். வைக்கோல் எதுக்குன்னு கேக்காதீங்க. உடையுற பொருள் எது கையில வந்தாலும் என் கை தானா பேக்கிங் பண்ணிடும்.

கம்பெனிக்குப் போனேன். திட்டக்குடியில ஒரு வளைகாப்புக்கு அறுபது வாத்து பொம்மை ஆர்டரு. தாம்பூலப் பையில போட்டுக் குடுக்குறதுக்கு. எல்லாத்தையும் சுத்தி மேசை மேல வெச்சேன். டிபன் பாக்ஸை எடுக்கும்போது கண்ட்ரோலரையும் வெளிய எடுத்து மேசை மேல வெச்சேன். சாப்டேன். மதியம் பர்மிஷன் போட்டுட்டு, பொட்டலத்த எடுத்து பையில வெச்சுகிட்டு கெளம்பிட்டேன்.

ரிப்பேர் கடையில நல்ல மனுஷன். "என்னக்கா பிரச்சனை?"ன்னு கேட்டாரு.

"இடது பக்கமாவே இழுக்குதுங்க. ஒரு வருஷமா இருக்குது போல, நான்தான் கவனிக்கல."

அவரு பேப்பரைப் பிரிச்சாரு. வைக்கோல எடுத்தாரு. உள்ள வெள்ளையா, மஞ்ச மூக்கோட ஒரு வாத்து எங்க ரெண்டு பேரையும் பாத்துது.

அவரு வாத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ரொம்ப மரியாதையா, "சார்ஜ் ஏறுதாக்கா?"ன்னாரு.

நான் வாத்தப் பிடுங்கிகிட்டு வெளிய ஓடியாந்து, கூட வேலை பாக்குற செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மேசை மேல இருந்த பொட்டலமெல்லாம்?"

"நீ வேற! நீ போனதுமே எண்ணிப் பொட்டியில அடுக்கி, டேப்பு ஒட்டி, திட்டக்குடி பஸ்ல ஏத்தியாச்சுடி. சரியா அறுபது இருந்துச்சு!"

சரியா அறுபதாம். அம்பத்தொம்பது வாத்து, ஒரு கண்ட்ரோலரு! சாயங்காலம் யாரோ ஒரு அம்மா வெத்தல பாக்கு வளையலோட என் கண்ட்ரோலரையும் வாங்கிகிட்டு, "நல்லா செஞ்சிருக்காங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

ஸ்கூட்டிய எடுத்தேன். பெண்ணாடம் ரோட்டுல நான் போன வேகத்துக்கு, என் கார் ரேஸ் கேம்ல கூட நான் போனதில்ல. வழியில எதிர்ல வந்த லாரிக்காரரு ஏதோ திட்டுனாரு. நல்ல வேளை, காதுல வுழல.

பெண்ணாடத்துக்கு முன்னாடி கரும்பு ஏத்துன டிராக்டரு ஒண்ணு பாரம் சரிஞ்சு ரோட்டுக்குக் குறுக்க நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி என் பஸ்ஸு! அந்த டிராக்டர்காரரு நல்லா இருக்கணும்னு துவா கேட்டுகிட்டே ஏறுனேன்.

கண்டக்டரு முடியவே முடியாதுன்னுட்டாரு. "பொட்டிய முழுசா குடுத்தாங்க, நான் முழுசா குடுக்கணும். நடுவுல யாருங்க நீங்க?"

"நான்தாங்க அத பேக்கிங் பண்ணவ. ஒரு வாத்துக்குப் பதிலா என் கண்ட்ரோலரு உள்ள போயிடுச்சுங்க."

"கண்ட்ரோலருன்னா?"

முன் சீட்டு அம்மா, "டிவி ரிமோட்டாம்மா?"ன்னு கேட்டாங்க.

"அந்த மாதிரிதாங்க."

"ஒரு ரிமோட்டுக்கா வண்டிய வெரட்டிகிட்டு வந்த?"

"இல்லங்க, நாலு மணிக்கு எங்க வூட்டுக்காரரு சவூதியில காத்துகிட்டு இருப்பாருங்க."

"அவரு அங்கேருந்து உன் டிவிய என்ன பண்ணப் போறாரு?"

பீரோ, பாலம், ஆறு எல்லாத்தையும் சொன்னேன். பஸ்ஸே அமைதியா கேட்டுது. சொல்லச் சொல்ல எனக்கே என் கதை கேவலமா இருந்துச்சு. ஆனா அந்தம்மா மட்டும், "பாவம், பொண்ணு ரிமோட்டத் தேடிக் குடுத்துடுங்க. டிராக்டரு நகர எப்படியும் நேரமாவும்"னு கண்டக்டருகிட்ட சொல்லிட்டாங்க.

பொட்டியப் பிரிச்சோம். தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சுடலாம்னு நெனச்சேன். முடியல. என் பேக்கிங் மேல எனக்கே அப்பதான் மரியாதை வந்துச்சு. அறுபதும் ஒரே மாதிரி இருக்குது!

"ஆளுக்கு ஒண்ணாப் பிரிங்க"ன்னு கண்டக்டரே விநியோகம் பண்ணாரு. கொஞ்ச நேரத்துல பஸ்ஸு முழுக்க எல்லாரு மடியிலயும் வாத்து. "இதுக்கு ஒரு கண்ணு சின்னதா இருக்குது." "எனக்கு வந்தது நல்லா சிரிக்குது பாரு." என்னவிட நல்லா விமர்சனம் பண்றாங்க!

திடீர்னு கடைசி சீட்டுலேருந்து ஒரு அலறல். "ஐயையோ, நண்டு!"

வேட்டிய மடிச்சுக் கட்டியிருந்த ஒரு பெரியவரு, கறுப்பா ரெண்டு கொம்போட கையில வந்தத அப்படியே விசிறி அடிச்சாரு. என் கண்ட்ரோலரு சீட்டுக் கம்பியில மோதி, தரையில வுழுந்து, படிக்கட்டுல ஒவ்வொரு படியா எறங்கி, ரோட்டுல போய் உக்காந்துச்சு.

ஓடிப் போய் எடுத்தேன். உதறுனேன். உள்ளேருந்து புஸ்ஸுன்னு வெள்ளைத் தூசி வந்துச்சு. ஒரு வருஷத்துத் தூசி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பெரியவரு எறங்கி வந்து, "மன்னிச்சுக்கம்மா, அது கால நீட்டுன மாதிரி இருந்துச்சு"ன்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியல.

எல்லா வாத்தையும் திருப்பிச் சுத்துனோம். எண்ணுனாரு கண்டக்டரு. அம்பத்தொம்பது.

"யாரும் எறங்கக் கூடாது! ஒரு வாத்து கொறையுது!"

சீட்டுக்கு அடியில தேடுனாங்க. அந்த முன் சீட்டு அம்மா கோவமா, "என் பைய வேணா பாத்துக்குங்க"ன்னு தன் பையக் கவுத்துக் காட்டுனாங்க. நானும் நல்லா குனிஞ்சு தேடுனேன். யாரு எடுத்திருப்பாங்கன்னு ரெண்டு பேரை முறைச்சுக் கூட பாத்தேன்.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அறுபதாவது வாத்து என் தோள் பையில இருக்குது.

எப்படிச் சொல்றது? மெதுவா எடுத்து நீட்டுனேன்.

கண்டக்டரு வாத்தப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. "இப்ப நீங்க மட்டும் எறங்குங்க"ன்னாரு.

மணி மூணே கால் ஆயிடுச்சு. இனிமே ரிப்பேர் கடைக்கு எங்க போறது? நேரா வூட்டுக்கு வந்தேன். வாழ்க்கையிலேயே மொதல் தடவையா சோப்பு போட்டுக் கைய கழுவிட்டு கண்ட்ரோலரைத் தொட்டேன். மாமி பாத்துட்டு, "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னாங்க.

நாலு மணிக்கு மச்சான் லைன்ல வந்தாரு. "சரி பண்ணிட்டியா?"

"ம்."

"எங்க குடுத்த?"

"பெண்ணாடம் பக்கம் ஒரு பெரியவரு."

பயந்துகிட்டேதான் ஆன் பண்ணேன். லைட்டு எரிஞ்சுது. என் ஆளு நின்ன எடத்துல நிக்கிறான்! இடது பக்கம் இழுக்கல! ஒரு வருஷத்துல மொதல் தடவையா அவன் சும்மா நிக்கிறதப் பாத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கல.

பாலத்துல ஏறுனோம். பாதி தூரம் போனோம். என் ஆளு அப்படியே வலது பக்கமா சாஞ்சு, பீரோவையும் மச்சானையும் இழுத்துகிட்டு ஆத்துல வுழுந்தான்.

ஸ்டிக்கு சரியாயிடுச்சு. ஒரு வருஷமா அத எதுத்து வலது பக்கமாவே தள்ளித் தள்ளிப் பழகுன என் கட்டைவிரலு சரியாவல!

அப்புறம் மச்சான் கேட்டாரு.

"ஏம்மா, காத்து திசை மாறிடுச்சா?"

சிரிச்சோம் பாருங்க, அவரு ரூம்காரங்க எட்டிப் பாக்குற அளவுக்கு. இன்னும் மூணு தடவ வுழுந்தோம். சண்டை போட்டோம். "வலது பக்கம் தள்ளாத, வலது பக்கம் தள்ளாத"ன்னு அவரு கத்திகிட்டே வந்தாரு. அஞ்சாவது தடவ பீரோ அக்கரையில எறங்குச்சு. ரெண்டு பேரும் அத சும்மா பாத்துகிட்டு இருந்தோம். "பெருநாளுக்கு வந்ததும் வேற கேமு வாங்கலாம்"னாரு. சரின்னேன்.

கடைசியா, போன வாரப் பதிவுக்கு ஒரு சின்னத் திருத்தம், மக்களே: அந்த கேம்ல காத்து கெடையாது.