வந்திருக்குக்காரர்

மனித குலத்தில் ஓர் இனம் உண்டு, வாசகரே. அதற்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை என்பதால் நானே வைத்துவிடுகிறேன்: வந்திருக்குக்காரர். கலியாண வீட்டு வாசலில் நின்று "வந்திட்டினம், வந்திட்டினம்!" என்று உள்ளே குரல் கொடுப்பவர் இவர்தான். வந்தது மாப்பிள்ளை வீட்டாரா, கதிரை ஏற்ற வந்த லொறிக்காரரா என்று கேட்டால் முழிப்பார். கந்தோரில் மேசை மேசையாகப் போய், "சுற்றறிக்கை வந்திருக்கு" என்று சொல்பவரும் இவரே. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள், கோபம் வரும். போன கரண்ட் திரும்பி வந்து, வீடெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போது, அந்த வெளிச்சத்திலேயே நின்றுகொண்டு "கரண்ட் வந்திட்டுது" என்பார். வந்தது தெரிய வேண்டும். வந்தது என்ன என்பது மற்றவர்களின் கவலை.

இந்த இனத்துக்குப் பொற்காலம் எப்போது பிறந்தது தெரியுமா? வீட்டிலேயே சேர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது.

கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில், அக்குறணைக்குப் போகும் பாதையிலிருந்து சற்று மேலே ஏறும் ஒழுங்கையில், பரமநாதன் இருக்கிறார். பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் கணினிப் பகுதி அவருடைய பொறுப்பு. ஊரெல்லாம் இலவசமாக வைத்திருக்கும் மின்னஞ்சலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "எங்கட கடிதத்தை எவனோ வாசிக்கிறான்" என்பார். ஆகவே சாப்பாட்டு அறை அலுமாரிக்குக் கீழே ஒரு பழைய கணினியைப் படுக்கவைத்து, அதையே சேர்வர் ஆக்கி, தனக்கும் மனைவி தவமணிக்கும் அதில் அஞ்சல் பெட்டி திறந்து வைத்திருக்கிறார். எவனோ ஒருவன் வாசிப்பதை இப்படித் தடுத்துவிட்டார். வீட்டில் உள்ளவர்கள் வாசிப்பதையும் சேர்த்துத் தடுக்கப்போகிறார் என்று அப்போது தவமணிக்குத் தெரியாது.

தவமணி தெல்தெனியவில் படிப்பிக்கிறாள். விடிய எழும்பி, கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெல்தெனியவுக்கு இன்னொரு பஸ். அதில் முக்கால்வாசி நாள் நின்றபடி. திரும்பி வருவதும் அப்படியே. ஒருநாள் களைத்து வந்து, பழைய சிநேகிதி அனுப்பிய மெயில் ஒன்றைத் தாமதமாகப் பார்த்துவிட்டு, "சீ, இது வந்தது தெரியாமப் போச்சே" என்று சும்மா சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. வந்தது தெரியாமல் போவதா? அதுவும் வந்திருக்குக்காரர் வீட்டிலா?

அன்றே பரமநாதன் வேலையைத் தொடங்கிவிட்டார். புது மெயில் வந்தால் அறிவிப்பதற்கென்று சேர்வரில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று உண்டு; டீமன் என்பார்கள். திரையில் முகம் காட்டாது, பின்னால் இருந்து பெட்டிகளைப் பார்த்தபடியே இருக்கும். எந்தப் பெட்டியைப் பார்ப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது, கண்டால் யாருக்கு எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பரமநாதன் எழுதினார், அழித்தார், மீண்டும் எழுதினார். ஒரு காற்புள்ளியை விட்டதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அது வாயைத் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "பொறும், ரீஸ்டார்ட் பண்ணுறன்" என்றார். சாப்பிட்டு முடித்துக் கூப்பிட்டாலும் அதையே சொன்னார். தவமணியின் பெட்டியில் "சோதனை" என்றொரு மெயில் வந்தது. பிறகு "மீண்டும் சோதனை". பிறகு "கடைசிச் சோதனை". பிறகு, "முந்தியது கடைசி இல்லை, இதுதான் கடைசி."

கடைசியில் அது பேசிவிட்டது. கூடத்து ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல், வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற நிதானத்தில், அனுப்பியவர் பெயரையும் விசயத்தையும் சொல்லி, "புதிய மின்னஞ்சல் வந்திருக்கிறது" என்று முடித்தது. பரமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டாரா? குசினிக்குள் ஒரு சிவப்பு பல்ப் மாட்டினார். தவமணியின் போனையும் கிணுகிணுக்க வைத்தார். பின்வளவில் உடுப்புத் தோய்க்கும்போதும் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரை யன்னல் பக்கம் திருப்பி, சத்தத்தையும் கூட்டினார். ஒவ்வொரு அறிவிப்பும் ஒழுங்காக நடந்ததா என்று தனக்கு ஒரு மெயில் அனுப்பும்படியும் டீமனுக்குச் சொல்லி வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். அறிவித்தேன் என்று ஒரு மெயில். அது வந்ததும் ஒரு புது மெயில்தானே? அதையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அறிவித்தேன் என்று இன்னொரு மெயில். தங்கள் மகனுக்குக் கண்டியில் பெண் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த தூரத்து உறவினர்கள் கூடத்தில் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக இருக்க, அந்தப் பெண்குரல் மூச்சு விடாமல் வந்திருக்கிறது, வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சிவப்பு பல்ப் எரிந்து அணைந்து எரிந்து, கடைசியில் ஒரேயடியாக அணைந்துபோனது. வந்தவர்கள் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பரமநாதன் மட்டும் முகம் மலர நின்றார்.

"பாத்தீரே தவம்? ஒண்டையும் விடேல்ல."

அதைத் திருத்தினார், சரி. ஆனால் துணிக்கடைத் தள்ளுபடி, வங்கியின் பொங்கல் வாழ்த்து, யாரென்றே தெரியாத ஒருவர் வெளிநாட்டில் விட்டுப்போன சொத்து என்று குரல் நாள் முழுவதும் அறிவித்துக்கொண்டிருந்தது. அதன் பலன் என்ன? ஒழுங்கையில் போகிற ஓட்டோ சத்தம் எப்படியோ, அப்படியே அந்தக் குரலும் தவமணிக்குக் காதில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் போயிற்று.

இந்த நேரத்தில்தான் அவளுடைய இடமாற்ற விண்ணப்பம் அசையத் தொடங்கியது. தெல்தெனியவுக்குப் போக விரும்பும் ஓர் ஆசிரியை கண்டியில் கிடைத்தால் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். ஆள் கிடைத்ததும் கல்வி அலுவலகம் மெயில் போடும். தவமணி குறித்த நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும், தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். அந்த பஸ் மிதிபலகையில் தொங்காமல் ஒரு காலை வேளை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இஞ்சேருங்கோ, அந்த மெயில் வந்தா மறக்காம எனக்குச் சொல்லுங்கோ."

"நான் ஏன் சொல்ல வேணும்? அது சொல்லும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கல்வி அலுவலக மெயில் மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று அதற்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தார்: முதலில் நாதஸ்வரமும் தவிலும், அதன் பிறகு பெண்குரல். மங்கலமான செய்தி அல்லவா?

அந்த மெயில் வந்த பின்னேரம், தவமணி குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். நாதஸ்வரம் கேட்டது. பாதையோரத்து மண்டபத்தில் யாருக்கோ கலியாணம் போலும், நல்லாயிருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். பெண்குரலையும் போனின் கிணுகிணுப்பையும்தான் அவளுடைய காது எப்போதோ கைவிட்டுவிட்டதே. பரமநாதன் கூடத்தில்தான் இருந்தார். நாதஸ்வரம் முழங்கியதும் துள்ளி எழுந்தார். எழுந்து என்ன செய்தார்? சேர்வரின் முன்னால் போய்க் குந்தி, மெயில் வந்ததற்கும் மேளம் முழங்கியதற்கும் இடையில் எத்தனை நொடி கழிந்தது என்று பார்த்தார். ஒரு நொடிகூட இல்லை. அவ்வளவு திருப்தி! அந்தத் திருப்தியிலேயே போய்க் குளித்துவிட்டு வந்து இடியப்பம் சாப்பிட்டார்.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அனுப்பியவர் யார், விசயம் என்ன என்று குரல் சொல்ல வேண்டுமானால் டீமன் மெயிலைத் திறந்து பார்க்க வேண்டும். பரமநாதன் எழுதிக் கொடுத்த விதத்தில், அது திறந்த மெயிலெல்லாம் வாசித்தாயிற்று என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. தவமணியோ பெட்டியைத் திறந்தால், வாசிக்காத மெயிலுக்குரிய தடித்த எழுத்து எங்காவது தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. பெருமூச்சு விட்டு மூடுவாள். அவளுக்கு வந்த மெயிலை அவளுக்கு முன்னமே வாசித்து முடித்துவிட ஒரு ஆளை வீட்டுக்காரரே சம்பளமில்லாமல் அமர்த்தியிருந்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, தவமணி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்க, மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு ரபீகாவின் தலை தெரிந்தது. அவளுடைய கணவருக்கு அக்குறணையில் கடை. அவளுக்குப் பகல் முழுவதும் பரமநாதனின் ஸ்பீக்கர்.

"என்ன டீச்சர், மாத்தம் கெடச்சும் ஒரு வார்த்த செல்லல்லயே?"

"என்ன மாற்றம்?"

"ஒங்கட மெஷின் செல்லிச்சே! அண்டைக்கி அஸர் தொழுகைக்குப் பொறகு, மொதல்ல மேளம் அடிச்சி, பொறகு அந்தப் பொம்புள செல்லிச்சி, தவமணி டீச்சருக்கு இடமாத்தம், ஒடனே பதில் போடணும் எண்டு. ஊட்டுக்குள்ள ஈக்கிற ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

தவமணி ஈரச் சேலையைக் கொடியில் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். அந்த மெயில், துணிக்கடைத் தள்ளுபடிக்கும் "முந்தியது கடைசி இல்லை"க்கும் நடுவில், மெல்லிய எழுத்தில் ஒடுங்கிக் கிடந்தது. சம்மதம் தெரிவிக்க இன்றுதான் கடைசி நாள். கந்தோர் மூடுவதற்குள்.

"என்னப்பா, மெயில் வந்திருக்கு! ரபீகாவுக்குக் கேட்டிருக்கு, எனக்கு ஏன் சொல்லேல்ல?"

டீமனைச் செதுக்குவதற்கென்றே அன்று லீவு போட்டிருந்த பரமநாதன் தலையை நிமிர்த்தினார். அவருடைய முகத்தில் குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா? பெருமை வந்தது.

"ரபீகாவுக்கு அங்க வரைக்கும் கேட்டதாமோ? சொல் சொல்லா விளங்கினதாமோ?"

மதிலடிக்குப் போய்க் கேட்டே விட்டார். மேளம் கொஞ்சம் அதிகம் என்று ரபீகா சொன்னதையும் பணிவோடு ஏற்றுக்கொண்டார். திரும்பி வந்து, மெயில் ஏன் வாசித்ததாகக் காட்டியது என்று தவமணி கத்தியபோதுதான் அவருக்கு உறைத்தது.

"ஓ, அது சின்னப் பிழை. இப்பவே திருத்துறன்."

அவள் பதிலைத் தட்டி முடித்து அனுப்பப் போன அதே நேரத்தில், சேர்வரை நிறுத்தினார். பதில் போகவில்லை. "பொறும், ரீஸ்டார்ட் பண்ணுறன்" என்றார். தவமணிக்குத் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதனை இடியப்ப உரலால் அடிக்கலாம் என்று தோன்றியது. அடிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி, கிடைத்த ஓட்டோவில் ஏறி, பாலத்தடி நெரிசலில் வேர்த்து விறுவிறுத்து, கல்வி அலுவலகத்துப் படிகளில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

எழுதுவினைஞர் நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மெயில் போட்டோமே மிஸ், பாக்கலிங்களா?"

"நான் மட்டும்தான் பாக்கேல்ல" என்றாள் தவமணி. "மற்ற எல்லாருக்கும் கேட்டது."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையொப்பம் வாங்கிக்கொண்டு, "சரிங்க மிஸ், அடுத்த தவணைக்கு நீங்க கண்டியிலதான். உறுதிக் கடிதம் மெயில்ல வரும்" என்றார். வெளியே வந்து வாகை மர நிழலில் நின்று தவமணி கொஞ்சம் அழுதாள். சந்தோசத்தில்தான். தெல்தெனிய பஸ் ஒன்று சனத்தை அடைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனது. கையைக் காட்டி அனுப்பி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பரமநாதன் இருந்த இடத்திலேயே இருந்தார். அவள் போய் அவருக்கு நேரே நின்றாள்.

"இஞ்சேருங்கோ. மாற்றம் கிடைச்சிட்டுது."

"ம்ம்" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இனி நான் தெல்தெனியவுக்குப் போகத் தேவையில்ல."

"ஓம், ஓம்."

அவள் இன்னும் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு மதிலடிக்குப் போய் ரபீகாவிடம் சொன்னாள். ரபீகா "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தி, கையைப் பிடித்துக் குலுக்கி, கண்டியில் எந்தப் பள்ளி, எத்தனையாம் வகுப்பு, இனி எத்தனை மணிக்கு எழும்பினால் போதும் என்று கேட்டு, உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்தாள். இரண்டு பேரும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரபீகா சொன்னபடி குறைத்த மேளத்தோடு கூடத்து ஸ்பீக்கர் வாயைத் திறந்தது. தவமணிக்கு, கல்வி அலுவலகத்திலிருந்து, இடமாற்ற உறுதிக் கடிதம்.

உள்ளே கதிரை விழுகிற சத்தம். பரமநாதன் செருப்பும் போடாமல் பின்வளவுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"தவம்! உமக்கு மாற்றம் கிடைச்சிட்டுது! இப்பதான் வந்தது!"

தவமணி கரண்டியை வாயிலிருந்து எடுத்தாள். "அப்பிடியே?" என்றாள். "சொன்னதுக்குச் சந்தோசம்."

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவதற்காக உள்ளே போனார்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. என் வீட்டில் சேர்வரும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை, நான் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். மெத்த நல்லது. ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கையில் உங்கள் போன் எத்தனை தடவை கிணுகிணுத்தது, எதற்காகக் கிணுகிணுத்தது என்று உங்களால் சொல்ல முடியும். சற்று முன்னர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஒருவர் ஏதோ சொன்னார். நீங்களும் "ம்ம்" என்றீர்கள். அவர் என்ன சொன்னார்?