ஆறு புட்டித் துக்கம்

செடி அழுகிறது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் வளர்ப்புமீன் கடைச் சந்தில் ஒரு சைக்கிளைக்கூடத் திருப்ப முடியவில்லை. மனிதர்கள் அழுதால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் தெரு அது. செடி அழுததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது.

கடைக்காரர் போன வருஷம் வரை வெறும் மீன்காரர். அவரிடம் வாங்கிய மீன் வீடு போய்ச் சேருவதற்குள் மல்லாந்துவிடும் என்று பெயர். இப்போது அவர் தொட்டி ஐயா. வெள்ளைச் சட்டை, பாதி மூடிய கண், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரல். பதவி உயர்வுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் விற்றது ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அடியில் மண், அதன் மேல் பொடிக்கல், பாதி உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீருக்குள் பாசியும் புல்லும். தண்ணீரை விட்டுத் தலையை நீட்டும் ஒரு மரக்கட்டை. அதன் இடுக்கில் அகலமான இலை விட்ட ஒரு செடி. வேர் தண்ணீரில், இலை காற்றில். பார்க்க அழகுதான், அதில் குறை சொல்வதற்கில்லை. பொழுது விடிந்ததும் இலை நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும். அது விழுந்தால் இன்னொன்று.

"உங்க வீட்டுத் துக்கத்தை வேர் உறிஞ்சுது. இலை அழுது தீர்க்குது," என்பார் தொட்டி ஐயா. "துக்கம் இல்லாத இடத்துல இது அழவே அழாது. அந்தக் கண்ணீரைப் பிடிச்சு வையுங்க. கண்ணு, காலு, வயிறு, எதுக்கும் கேக்கும்."

துக்கம் இல்லாத வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? ஆகவே எல்லா வீட்டிலும் அழுதது. ஆகவே எல்லோரும் நம்பினார்கள்.

இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் நம் குழாய்க்காரர். யாரையும் நம்பாதவர் என்று பெயர் எடுத்தவர். பித்தளைக் குழாய் வாங்கினால் காந்தம் வைத்துப் பார்ப்பார். மழை வருகிறது என்றால் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். "கல்யாணத்தன்னிக்கு, பொண்ணு இவதானான்னு ரெண்டு தடவை விசாரிச்ச மனுஷன்," என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இவ்வளவு உஷாரான ஆளுக்குக் கண்ணில் கோளாறு. "கண்ணுக்குள்ள நீரோட அழுத்தம் ஏறுது. வடிகால் சரியா வேலை செய்யல. தினமும் சொட்டு மருந்து போடணும். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது," என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு வருஷம் போட்டார். ஆனால் அந்த 'ஆயுசுக்கும்' என்ற சொல் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. தான் ஒரு குழாயைச் சரி பண்ணிவிட்டு, ஆயுசுக்கும் வந்து போவேன் என்று சொன்னால் விடுவார்களா? டாக்டருக்கும் மருந்துக் கம்பெனிக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

தொட்டி ஐயாவோ ஆறே மாதம் என்றார். ஆயுளை விட ஆறு மாதம் குறைவு. சந்தேகப் பேர்வழிக்கு அந்தக் கணக்கு மட்டும் உடனே விளங்கியது.

தொட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து அவரே அமைத்தார். பொடிக்கல்லை ஏழு தண்ணீரில் அலசினார். மரக்கட்டை மிதக்காமலிருக்க ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினார். மண் கலங்காமலிருக்க ஒரு தட்டை வைத்து, அதன் மேல் குழந்தைக்கு ஊற்றுவதுபோல் தண்ணீர் ஊற்றினார். செடியின் கிழங்கு தண்ணீருக்கு மேலே, வேர் மட்டும் உள்ளே. வேலை சுத்தம். நாற்பது வருஷம் தண்ணீரோடு புழங்கிய கை அல்லவா? மூளையும் கூட வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

விதிமுறைகளும் உண்டு. சாயங்காலம் ஆனதும் கண்ணாடி மூடியால் மூட வேண்டும். காற்றுப் படக்கூடாது. தொட்டி ஐயா தனியாகப் பொட்டலம் கட்டி விற்கும் துயரப்பொடியை வாரம் ஒரு சிட்டிகை போட வேண்டும். அழவில்லையென்றால் வீட்டில் யாரோ சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். டாக்டரின் மருந்தும் இலைக்கண்ணீரும் ஒரே கண்ணில் சேரக் கூடாது. குழாய்க்காரர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் இலைக்கண்ணீரைக் கண்ணில் விட்டுக்கொண்டார்.

மனைவி பாலர் பள்ளியில் ஆயா. ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகள் அழுவதைப் பார்க்கிறவள். எது அழுதாலும் அவளுக்கு மூன்றே கேள்விதான்: பசியா, ஈரமா, எவன் கிள்ளினான்?

"என்னங்க இது, கண்ணு இப்படிச் செவந்து கிடக்கு? எரியலையா?"

"எரியுது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அப்போ மிளகாய்ப் பொடி இன்னும் நல்லா வேலை செய்யுமே. எடுத்துட்டு வரட்டா?"

"நீ சந்தேகப்படாதடி. செடி நின்னுடும்."

வீட்டில் சந்தேகப்படும் உரிமை அதுவரை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அதையும் தொட்டியில் போட்டு மூடிவிட்டார்.

ஐந்து மாதம் போனது. இடது தோளில் எப்போதும் ஒரு காயம். கதவு நிலை இடிக்கிறது, ஏணி இடிக்கிறது, அலமாரி இடிக்கிறது. வீட்டுச் சாமான்கள் எல்லாம் இடது பக்கமாகச் சதி செய்கின்றன என்று நினைத்தார். ஒருநாள் டீ ஊற்றினார். டம்ளர் இருந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி, மேசை மேல் முழு டீயையும் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தை வைத்தார்.

மனைவி திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றாள்.

"இன்னும் ஒரு மாசம்தான் பாக்கி."

"சரி, ஒரு பந்தயம். புதுசா கட்டுற அடுக்குமாடிக்கு நீங்கதானே குழாய் போடுறீங்க? மூணாவது மாடியில ஆளே குடிவராத வீடு இருக்கு, சாவி உங்ககிட்ட இருக்கு. இந்தச் செடியில ஒரு கன்னைப் பிரிச்சு அங்க கொண்டுபோய் வைங்க. அங்க அழுதா நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். அழலைன்னா நானே உங்க கண்ணுல இலைத்தண்ணி ஊத்துறேன்."

மறுக்க வழியில்லை. கன்றைப் பிரித்து, கொத்தனாரின் பழைய வாளி ஒன்றில் மண்ணும் கல்லும் தண்ணீரும் போட்டு நட்டு, மேலே ஒரு கண்ணாடித் துண்டால் மூடி, குளியலறையில் வைத்துப் பூட்டினார். அந்த வீட்டில் இதுவரை யாரும் பிறக்கவில்லை, சாகவில்லை, சண்டை போடவில்லை. கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்புக்கூட இன்னும் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் இருவரும் போய்க் கதவைத் திறந்தார்கள். இலை நுனியில் கொழுத்த சொட்டு ஒன்று தொங்கியது.

"பாவம்," என்றாள் மனைவி. "சிமெண்டு மூட்டைக்கு என்ன துக்கமோ?"

குழாய்க்காரர் வாளிக்குப் பக்கத்தில் போனார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். வேர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மேலே மூடி. உள்ளே காற்றெல்லாம் ஈரம். இலை ஆவியாக விட வேண்டிய தண்ணீர் போக இடமில்லை. கீழேயிருந்து அழுத்தம், நுனியில் வழி. மாடித் தொட்டி நிரம்பினால் பக்கத்துக் குழாயில் வழியுமே, அதேதான். அந்தக் குழாயைத் தன் வாழ்நாளில் ஆயிரம் வீட்டுக்குப் போட்டிருக்கிறார். ஒரு வீட்டிலும் அதன் கீழே நின்று கண்ணில் ஏந்திக்கொள்ளவில்லை.

"ஈரம்தான்," என்றாள் மனைவி. "நான் முதல் நாளே கேட்டிருக்கணும்."

அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது பக்கம் புள்ளியே வரவில்லை, மெஷின் பழுது என்று அவர் அறிக்கை விட்டார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"போனது திரும்ப வராது," என்றார் டாக்டர். "இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து—"

"ஆயுசுக்கும்," என்று அவரே முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "வெளியில மூச்சு விடாத. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"எதிர்வீட்டுத் தையல்காரம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு இலைத்தண்ணி குடிக்குது. கால்ல புண்ணு ஆறவே இல்ல. ஏன் வாங்குனீங்கன்னு கேட்டேன். என்ன சொல்லுச்சு தெரியுமா? 'யாரையும் நம்பாத மனுஷன் உங்க வீட்டுக்காரரு, அவரே நம்புறாருன்னா அதுல விஷயம் இல்லாமயா இருக்கும்'னு சொல்லுச்சு."

குழாய்க்காரருக்கு டாக்டர் சொன்னதைவிட இதுதான் ஆழமாக இறங்கியது. தொட்டி ஐயா ஒரு பைசா செலவழிக்காமல் வைத்த விளம்பரப் பலகை, தான்தானா?

மானத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் காலி வீட்டுக்குப் போனார். ஆறு நாள், ஆறு காலை. ஆறு சின்னப் புட்டிகள் நிரம்பின.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடைச் சந்தில் தலைக்கு மேல் தலை. தையல்காரம்மா கால் கட்டோடு முன்வரிசையில் இருந்தாள். மனைவி ஆறு புட்டிகளையும் மேசை மேல் வரிசையாக வைத்தாள்.

"ஐயா, ஆறு தொட்டித் தண்ணி இது. எந்த வீட்டுக்கு என்ன துக்கம்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

தொட்டி ஐயா முதல் புட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிள்ளை ஒதுக்கி வெச்ச தாய்." கூட்டம் உச்சுக்கொட்டியது. இரண்டாவது, தீராத வயிற்றுவலி. மூன்றாவது, அண்ணன் தம்பி தகராறு. நாலாவதை முகர்ந்துவிட்டுத் தானே கண் கலங்கினார். "இளம் விதவை. இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல வருஷம் ஆச்சு." ஐந்தாவது, பொறாமை. ஆறாவது, வெளியில் சொல்ல முடியாத நோய்.

குழாய்க்காரர் ஒரு ஸ்டூலில் ஏறினார். இடது காலை வைக்க ஸ்டூலின் விளிம்பைத் தடவித்தான் தேட வேண்டியிருந்தது.

"ஆறும் ஒரே வாளி. யாருமே குடிவராத வீட்டுக் குளியலறையில நானே வெச்ச வாளி. அந்த இளம் விதவை எங்கய்யா உட்கார்ந்திருந்தா? நான் இன்னும் குழாய்கூட மாட்டலையே!"

கூட்டம் ஆறு புட்டிகளையும் ஒருமுறை பார்த்தது. பிறகு கூட்டத்துக்குக் கோபம் வந்தது. ஐயா மீது இல்லை, குழாய்க்காரர் மீது.

"சந்தேகம் பிடிச்ச ஆளு! இவரு தொட்டதால செடி குழம்பிடுச்சு!" என்றது ஒரு குரல்.

"குழம்பினது செடியா, ஐயாவா?" என்றாள் மனைவி. "அவருதானே ஆறையும் கண்ணுல ஒத்திக்கிட்டாரு?"

"சந்தேகம் பிடிச்சவன் இல்லீங்க, அஞ்சு மாசம் முழு முட்டாளா இருந்தவன்," என்றார் குழாய்க்காரர். "என் இடது பக்கம் இப்போ யாரு நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியல. தையல்காரம்மா, என்னைப் பார்த்து வாங்கினீங்களாமே. இப்போ நல்லாப் பார்த்துக்குங்க."

தையல்காரம்மா தன் கால் கட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு தொட்டி ஐயாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மாத்திரை... என் பிரஷர் மாத்திரை... அந்த இழுப்பறையில..."

மனைவி இழுப்பறையைத் திறந்தாள். அட்டை அட்டையாக மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு. கீழே ஒரு மூட்டைச் செடி உரம், அதை மடித்துக் கட்டத் துயரப்பொடிக் காகிதங்கள். பிரஷர் மாத்திரை ஒன்றை உரித்து அவர் கையில் கொடுத்து, தண்ணீர் மொண்டாள்.

"குழாய்த் தண்ணிதான் இருக்கு. போதுமா, இல்ல, இலைத்தண்ணி கலக்கட்டுமா?"

"குழாய்த் தண்ணியே குடும்மா," என்றார் தொட்டி ஐயா. இந்தத் தடவை அவர் குரல் சந்து முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே மருந்துக்கடைப் பக்கம் நடந்தாள்.

கடை அந்த வாரமே மூடிக்கொண்டது. கதை இதோடு முடிந்திருந்தால் ஊருக்கு நல்ல பெயர்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் குழாய்க்காரர் கதவைத் திறந்தார். வாசலில் பத்துப் பேர். வலது பக்கம் ஐந்து பேரைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பி மீதி ஐந்து பேரைப் பார்த்தார். எல்லோர் கையிலும் காலிப் புட்டி.

"ஐயா, பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கீங்க," என்றார் முன்னால் நின்றவர், மிகவும் மரியாதையாக. "அந்தச் செடி பொய்னு புரிஞ்சுபோச்சு. எது உண்மையான செடின்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நாங்க கண்ணை மூடிக்கிட்டு நம்புறோம்."

'ஐயா' என்ற சொல் காதில் தேன்போல்தான் விழுந்தது. ஒரு வெள்ளைச் சட்டை பெட்டியில் இருப்பதுகூட நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து மனைவி இருமினாள். வெள்ளைச் சட்டை மறந்துபோனது.

"நல்லாத் தெரியிற கண்ணை மூடிக்கிட்டு, பாதிக் குருடன்கிட்ட வழி கேக்குறீங்களே!" என்று கத்தினார் குழாய்க்காரர். "கண்ணுக்குச் சொட்டு மருந்து இருக்கு, காலுக்குக் களிம்பு இருக்கு. மூளைக்கு மட்டும் எந்தக் கடையிலும் ஒண்ணும் கிடையாது. அதை அவனவன்தான் ஓட்டணும். புட்டியை வெச்சுட்டு வீட்டுக்குப் போய் ஓட்டிப் பாருங்க, ஓடுதான்னு!"