டீச்சருக்கு எண்ணத் தெரியாது

"ரெட்டைச்சடைக்கு எண்ணத் தெரியுமா தெரியாதான்னு சாயங்காலம் அவ அப்பா வந்து கேட்பாரு. அதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றார் தலைமையாசிரியை. "ஆனா நம்ம விதி ஞாபகம் இருக்கட்டும், கேள்வி கேட்கக் கூடாது. பரீட்சை கூடாது. தப்பா செஞ்சாலும் திருத்தக் கூடாது. இங்க எல்லாமே பிள்ளைங்க இஷ்டம்தான்."

புது டீச்சர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். அவளுடைய தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நிரந்தரமாகுமா, மூட்டை கட்ட வேண்டுமா என்பது சாயங்காலம்தான் தெரியும். இந்த நேரம் பார்த்து, வருடம் முழுக்க வாயே திறக்காத ஐந்து வயசுப் பெண்ணிடம் கேட்காமலே பதில் வாங்க வேண்டுமாம்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ரெட்டைச்சடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கினாள்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு..."

தப்பைக் கேட்டால் எந்தக் குழந்தைக்கும் நாக்கு துறுதுறுக்கும். ரெட்டைச்சடை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் கட்டை ஒன்றைப் பரிதாபத்தோடு டீச்சர் பக்கம் தள்ளிவிட்டாள்.

டீச்சர் விடவில்லை. "நாலு, ஏழு, ஆறு, ஒன்பது," என்று குரலை உயர்த்தினாள். மற்ற பிள்ளைகளும் விளையாட்டை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். குண்டுப் பையன் ஒருவன் வாயைத் திறந்தான். தொப்பி போட்ட பையன் சட்டென்று அந்த வாயைப் பொத்தினான்.

"திருத்தக் கூடாதுடா. அவங்களுக்கா வரும்."

"எப்ப வரும்?"

"மெதுவா வரட்டும். அவசரப்படுத்தாத."

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். கடைசி முயற்சியாக எழுந்து நின்று பிள்ளைகளையே எண்ணினாள்.

"ஒன்பது பேர்தான் இருக்கீங்க. ஒருத்தரைக் காணோமே."

ரெட்டைச்சடை அதற்கும் அசையவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்ற காவலாளிக்குப் பகீரென்றது. "பிள்ளையைக் காணோம்" என்று கத்திக்கொண்டே கேட்டைப் பூட்ட ஓடினார். தோட்டக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டார். தலைமையாசிரியை ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து, மூச்சு வாங்க வாங்க எண்ணினார். பத்துப் பேரும் இருந்தார்கள்.

"எனக்கு எண்ணத் தெரியும் மேடம். தெரியாத மாதிரி நடிச்சேன்," என்றாள் டீச்சர்.

"எண்ணத் தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க." தலைமையாசிரியை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்க வேலையைப் பத்தி நான் முடிவு பண்றதில்ல. இங்க அதுவும் பிள்ளைங்கதான்."

பிள்ளைகள் மூலையில் கூடிக் குசுகுசுத்தார்கள். டீச்சர் தன் பையில் சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். நல்ல வேலை, நல்ல பிள்ளைகள், தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று நொந்துகொண்டாள்.

ரெட்டைச்சடை முன்னால் வந்து நின்றாள். அந்த வருடத்தில் முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"மூணு, அஞ்சு, எட்டு எல்லாத்தையும் விட்டுட்டு எண்ணுறாங்க, இவங்களை எப்படி வெளிய அனுப்புறது? இன்னும் ஒரு வருஷம் எங்க கிளாஸ்லயே இருக்கட்டும்."