ஸ்டக் ஆன நானும் நிற்காத ஃபேனும்

நான் ஓர் எலக்ட்ரீஷியன். முடிச்சூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் முதல் மொட்டை மாடி லைட் வரை என் பொறுப்பு. ஆனால் அந்த வேலைக்கான சான்றிதழை நான் வாங்கிய லட்சணத்தை இதுவரை வெளியில் சொன்னதில்லை. (என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பல்லாவரம் வரைக்கும் தெரியும்.)

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையம் நடத்திய தொலைதூரப் படிப்பு அது. நான் அஸ்தினாபுரத்தில், சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தேன். போனில் வரும் நெட்தான் கதி. மாஸ்டர் அங்கே ஒயரைச் சீவி, முறுக்கி, ஸ்க்ரூவில் மாட்டிக் காட்டுவார். எனக்கு இங்கே தெரிவது அவர் சட்டைக் கலரும் நாலைந்து சதுரக் கட்டங்களும்தான். ஒயரை வலப்பக்கம் சுற்றினாரா இடப்பக்கம் சுற்றினாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இந்த அழகில் கைத்தொழில் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாஸ்டர் என்னிடம் ஏதோ கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தேன். அந்த நேரம் பார்த்து நெட் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அவர், "பாவம், ஜெசிந்தாவுக்கு நெட் இல்லைங்க" என்று அடுத்தவரிடம் போயிருந்தார். ஆஹா! எனக்கு ஞானம் பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

அதற்குப் பிறகு பதில் தெரியாத கேள்வி வந்தால் நெட்டை நம்பி நான் காத்திருக்கவில்லை. நானே நின்றுவிடுவேன். வாய் பாதி திறந்திருக்கும், ஒரு கண் பாதி மூடியிருக்கும், கை காதோரத்தில் தொங்கும். மூச்சுகூட விடமாட்டேன். அழகாக நின்றால் யாரும் நம்பமாட்டார்கள், அசிங்கமாக நிற்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்தில் அந்த அக்கறையைக் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

கடைசிப் பரீட்சை நெருங்கியது. முடிச்சூர் குடியிருப்பின் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமைக்குள்ள சர்ட்டிபிகேட் வந்தா வேலை உங்களுக்கும்மா. இல்லைன்னா வேற ஆள் ரெடியா இருக்கார்." பரீட்சை சனிக்கிழமை. பத்து வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு, முதல் முறையாக ஒரு வேலை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

என் பதற்றத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர் அந்தோணி, மறைமலை நகர் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த கையோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபைபர் கனெக்‌ஷன்! வந்தவர் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு, "அக்கா, இனிமே ஸ்டக்கே ஆவாது. இன்னா வோணாலும் பாரு, தண்ணி மாதிரி ஓடும்" என்றார். நான் சந்தோஷத்தில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அந்த வார்த்தையின் அபாயம் எனக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை. கொழுந்தனாரிடம் இரவல் வாங்கிய லேப்டாப். (பாட்டரி செத்து இரண்டு வருடம், கரண்ட்டில்தான் ஓடும்.) திரையில் பரீட்சை அதிகாரி மேடம். அவர் காதுக் கம்மலில் இருந்த கல்லின் நிறம்கூடத் தெரிந்தது. முதல் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். நாலாவது கேள்வி வந்தது.

"சீலிங் ஃபேன் மோட்டார்ல ஸ்டார்ட்டிங் வைண்டிங், ரன்னிங் வைண்டிங்னு ரெண்டு இருக்குதுங்களே, எதுக்கு ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்திங்க?"

தெரியவில்லை. யோசிக்கவே இல்லை, பழக்கதோஷம், நின்றுவிட்டேன். வாய் பாதி, கண் பாதி.

மேடம் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். நான் அசையவில்லை. என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் வேளாங்கண்ணி மாதா காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் மகள் ஷைனி தட்டில் இட்லியோடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனாள். மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கும் நான் அசையவில்லை.

"ஜெசிந்தாங்க, நெட்டு நின்னுபோச்சுங்களா?"

"ஆமாம் மேடம்" என்றேன்.

(இதைத்தான் பல்லாவரம் வரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.)

அத்தோடு விட்டாரா என் வீட்டுக்காரர்? பாசம் பொங்க ஓடிவந்து என் தோளுக்கு மேல் தலையை நீட்டி, "இல்லைங்க மேடம், நெட் சூப்பரா இருக்கு! புது ஃபைபர்! நீங்க அவளைக் கேளுங்க" என்றார். பூமி பிளந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மேடம் திட்டவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதையாகவே மானத்தை வாங்குவார்கள். "நீங்க அமைதியா இருந்தது ஒரு வகைல நல்லதாப் போச்சுங்க. உங்க ஃபேன்ல கர்ரக் கர்ரக்னு சத்தம் வருது. இத்தனை வருசத்துல ஆன்லைன்ல ஒரு மோட்டார் சத்தத்தை இன்னிக்குத்தான் தெளிவாக் கேக்கறேன். அதுதான் உங்களுக்கு செய்முறைத் தேர்வு. சரி பண்ணுங்க."

அந்தச் சத்தம் ஆறு மாதமாக வருகிறது. வீட்டில் ஓர் எலக்ட்ரீஷியன் படித்துக்கொண்டிருந்தும் யாருமே கண்டுகொள்ளவில்லை. "முதல்ல என்ன செய்வீங்க?" என்றார் மேடம். இது தெரியும்! வாயால் சொல்வதை விடச் செய்தே காட்டுவோம் என்று பாய்ந்து போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.

ஃபேன் நின்றது. ஃபைபர் பெட்டி நின்றது. லேப்டாப் கறுத்தது. மேடம் மறைந்தார்.

"அடிப்பாவி, போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமையும் முடிச்சூரும் கண் முன்னால் கை ஆட்டிவிட்டுப் போயின. பழைய போனில் பரீட்சைக்குள் மறுபடி நுழைந்தேன். அதே பழைய நெட், மேடம் சதுரக் கட்டங்களாக வந்தார்.

"மறுபடியும் ஸ்டக்குங்களா?"

"மேடம், மாதா மேல சத்தியமா, இந்தத் தடவை நிஜம்! மெயினை ஆஃப் பண்ணிட்டேன் மேடம்!"

சதுரக் கட்டங்கள் அப்படியே நின்றன. நெட்டா, கோபமா, தெரியவில்லை. பிறகு குரல் வந்தது. "காலைல இருந்து பதினோரு பேரைப் பார்த்துட்டேங்க. எல்லாரும் சுவர் ஸ்விட்சை மட்டும் தட்டிட்டு ஒயர் மேல கை வெச்சாங்க. மெயினை அணைச்சது நீங்க ஒருத்தர்தான். போங்க, முடிச்சிட்டு லேப்டாப்ல வாங்க."

ஸ்டூலில் ஏறினேன். ஃபேன் கம்பியின் அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற கப் நழுவி மோட்டாரில் உரசிக்கொண்டிருந்தது. மேலே தள்ளி ஸ்க்ரூவை இறுக்கினேன். மெயினைப் போட்டோம். மேடம் கம்மல் கல்லோடு பளிச்சென்று திரும்பி வந்தார். ஃபேன் சுற்றியது. அவர் காதைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தார்.

"ஒண்ணும் கேக்கலைங்களே" என்றார். மறுபடியும் நெட் போச்சா என்று ஃபைபர் பெட்டியைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "அதனாலதான் பாஸுங்க. நடிப்புக்கு மார்க் கிடையாது."

(பதில் ஸ்டார்ட்டிங் வைண்டிங். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.)

சர்ட்டிபிகேட் மெயிலில் வந்தது, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். இன்றும் குடியிருப்பில் மெயினை அணைக்கும் முன், "யாராவது ஆன்லைன் பரீட்சை எழுதறீங்களா?" என்று மாடிப்படியில் நின்று கத்துவேன். வீட்டிலோ, யாருக்காவது பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் வாயைப் பாதி திறந்துகொண்டு நின்றுவிடுகிறார்கள். நான் உடனே சுற்றும் ஃபேனைக் காட்டி, "நெட் நின்னா அதுவும் நிக்கணுமே" என்று பிடித்துவிடுவேன்.

போன வாரம் ஷைனியிடம் கணக்குப் பரீட்சை மார்க் கேட்டேன். வாய் பாதி, கண் பாதி, அச்சு அசல் என்னைப் போலவே நின்றாள். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றவில்லை. காலண்டர் அசையவில்லை. ஃபைபர் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

போய்ப் பார்த்தேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் வந்து நின்றிருக்கிறாள்.