போட்டு வாங்கிய கதை

பீட்டரின் படகை முந்தாமல் சவரம் செய்வதில்லை என்று கார்த்திகை முதல் வாரத்தில் சபதம் எடுத்தேன். நான்காம் நாளே அது தப்பான மாதம் என்று தெரிந்தது. பால் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் என்னை "சாமி" என்று கும்பிட்டார்கள். வீட்டில் மீன் குழம்பு நின்றுபோனது.

"தெருவே நீங்க மாலை போட்டிருக்கீங்கன்னு நெனைக்குது. நடுவுல மீன் வாசம் வந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டு என் மனைவி கலைமதி புடலங்காய்க் கூட்டை வைத்தாள். ஐந்தாம் நாள் சவரம் செய்துகொண்டேன். சபதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அடுத்த வீட்டுப் பீட்டர் பத்து வருஷம் தோகாவில் ஏசி மாட்டிவிட்டு வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பினார். எல்லாரும் கொண்டுவருகிற போர்வை, தைலத்தோடு ரிமோட்டில் ஓடும் படகு ஒன்றையும் கொண்டுவந்தார். இரண்டடி நீளம், பேட்டரி மோட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைக் கண்மாயில் விட்டார். ஊரே கரையில் நின்று பார்த்தது. நான் புதுக்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். பதினெட்டு வருஷமாக மோட்டாரைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுப்பவன். ஏசி மாட்டியவர் படகு விடுவார், செம்மல் என்கிற நான் கரையில் நின்று கைதட்டுவதா? அடுத்த வாரமே நானும் ஒரு போட்டு வாங்கினேன். போட்டு வாங்கினால் போட்டி வரும். வந்தது. ஐந்து ஞாயிறு ஓடினோம். ஐந்திலும் தோற்றேன்.

எங்கள் மகள் அன்புமொழி திருச்சியில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவளுடைய அறை சும்மா கிடந்தது. அதை என் ஆராய்ச்சிக்கூடம் ஆக்கினேன். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மேஜை போட்டு, மேஜைமேல் போட்டைப் போட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் கலைமதி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா தனியா இருக்காருங்க. மூட்டு வலி ரொம்பவாம். தம்பியும் சிங்கப்பூர்ல இருக்கான். இங்கிட்டுக் கூட்டிட்டு வந்துரலாமா?"

"தாராளமா. எடம் வேணும்ல?"

"அன்புமொழி ரூம் இருக்குல்ல?"

"அங்க போட்டு இருக்கு."

"போட்டு ரெண்டடி. ரூம் பத்துக்குப் பன்னெண்டு."

"போட்டு ரெண்டடிதான். ஆராய்ச்சி பெருசு."

அவள் வெங்காயம் உரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் பேட்டரிக்குச் சார்ஜ் போடப் போனேன். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் அவள் பேசாமல் வெங்காயம் உரித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன. இடம் ஒரு சாக்குதான். என் மாமனார் சந்தனம் ஜெகதாப்பட்டினத்தில் முப்பத்தைந்து வருஷம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருடைய ரகசியம்கூட மூன்றாவது வீடு வரை கேட்கும். கல்யாணமான புதிதில் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். அரை மணி நேரத்தில் கல்யாணச் சாப்பாடு முழுவதையும் மீன்களுக்குக் கொடுத்துவிட்டேன். படகில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, படகைக் கரைக்குத் திருப்பினார். சிரித்தவர்களை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். சிரிக்காத மனுஷனோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

ஆறாவது ஞாயிற்றுக்கு ஒரு பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு வைத்தேன். பேட்டரி இரண்டானால் வேகமும் இரண்டாகும் என்பது என் கணக்கு. படகு கிளம்பியது. மூக்கு மெல்ல மேலே தூக்கியது. இன்னும் தூக்கியது. பிறகு மல்லாந்து படுத்துவிட்டது.

ஏழாவது ஞாயிறு, பின்னால் சுற்றும் விசிறியைப் பெரிதாக மாற்றினேன். கண்மாயின் நடுவில் போய் மோட்டார் சூடாகிப் புகைந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மார்பளவு தண்ணீர், முழங்கால் வரை சேறு. அங்கே கிடந்த எருமைகள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டன.

படகைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கரையேறியபோதுதான் பீட்டர் தன் படகை விட்டார். அது அதுவரை ஓடிய ஓட்டமே இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது.

"என்ன பீட்டர் மாத்துனீங்க?"

"நான் ஒண்ணும் மாத்தலண்ணே. நேத்து மீன் வாங்கக் கடக்கரைப் பக்கம் போனேன்ல. அங்க ஒரு மெக்கானிக் கையில குடுத்தேன். கால் மணி நேரம் பாத்தாரு. அம்புட்டுதான்."

"யாரு அது?"

"பேரு சொல்லக் கூடாதுன்னு உத்தரவுண்ணே."

"யாரு உத்தரவு?"

பீட்டர் ரிமோட்டைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து சேறு கழுவி, சோற்றில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கலைமதிக்கு மனசு கேட்கவில்லை.

"அந்த மெக்கானிக்க எனக்கும் தெரியும்ங்க. சத்யா சொல்லிருக்கா" என்றாள். சத்யா, பீட்டரின் மனைவி.

"வருவாரா?"

"வருவாரு. ஆனா வந்தா ஒரு நாள்ல திரும்ப மாட்டாரு. இருந்து நிதானமாத்தான் பாப்பாராம்."

"எத்தன நாள் வேணும்னாலும் இருக்கட்டும்."

"மாடி ஏற மாட்டாராம். கீழ ரூம் வேணுமாம்."

"அன்புமொழி ரூமக் குடுத்துருவோம்."

"அங்க போட்டு இருக்கே."

"போட்டக் கட்டிலுக்குக் கீழ வச்சா ஆச்சு. ரெண்டடிதானே."

கலைமதி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அது மீன் குழம்பு. பிறகு நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்தன. மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். பாத்ரூமில் ஒக்காந்து போற டாய்லெட் வேண்டும். பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி வேண்டும். காலையில் காபி கூடாது, பழைய சோற்று நீச்சத்தண்ணிதான்.

"பெரிய மெக்கானிக்குங்க எல்லாம் இப்படித்தான். உள்ளுக்குள்ள ரொம்ப எளிமை" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

அந்த வாரம் நான் உழைத்த உழைப்பைப் பார்த்திருக்க வேண்டும். மேஜையை வெளியே தள்ளினேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். பாத்ரூம் கம்பியை நானே ஒர்க்‌ஷாப்பில் வளைத்துக் கொண்டுவந்து பதித்தேன். அதில் தொங்கிப் பார்த்து உறுதி செய்தேன். தெருவில் எல்லாரிடமும் கடற்கரையிலிருந்து ஒரு நிபுணர் நம் வீட்டில் தங்க வருகிறார் என்று சொல்லிவைத்தேன். எவ்வளவு நாள் என்று கேட்டவர்களிடம், அவர் இஷ்டம் என்றேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பீட்டரின் கார் வாசலில் நின்றது. முதலில் ஒரு பை இறங்கியது. அப்புறம் ஒரு தலையணை. அப்புறம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி மறு காலைக் கையால் எடுத்து வைத்து, என் மாமனார் இறங்கினார்.

"வாங்க மாமா" என்றேன். காருக்குள் எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. "பீட்டர், மெக்கானிக் எங்க?"

பீட்டர் என் மாமனாரின் தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கலைமதியைப் பார்த்தேன். அவள் வாசற்படியில் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது? அதுவும் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் நிபுணரைப் பார்க்க ஆட்கள் வந்து நிற்கும்போது. நான் போட்டு வாங்கினேன். அவள் என் வாயிலிருந்து வேண்டியதையெல்லாம் போட்டு வாங்கிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு மாமனார் கொல்லையில் துணி துவைக்கிற தொட்டியருகே நாற்காலி போடச் சொன்னார். படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஓட்டவில்லை. மிதப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள" என்றார் மெதுவாக. மூன்றாவது வீட்டில் ஜன்னல் திறந்தது. "மோட்டாரு நல்லா இருக்கு. பாரம்தான் எடம் மாறி ஒக்காந்துருக்கு."

இரண்டு பேட்டரியில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மற்றதை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தார். பெரிய விசிறியைக் கழற்றச் சொல்லி, பழையதை வாங்கி ஊசியில் கோத்துச் சுற்றிவிட்டார். விசிறியின் ஒரு இலை மட்டும் ஒவ்வொரு தடவையும் கீழே வந்து நின்றது.

"இந்த எலை கனமா இருக்கு பாருங்க. கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது ஒதறும்."

அரம் கேட்டார். மூன்று இழுப்பு, விரலால் தடவல், மறுபடி ஒரு இழுப்பு. இப்போது விசிறி எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற பாடம்தான் இது. என் சொந்தப் படகுக்குச் செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அடிப்பாகத்தைத் தேய்க்க என்னிடம் உப்புத்தாளைக் கொடுத்தார். நான் தேய்த்தேன். அவர் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நான்கு தடவை திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது தடவை, "இது கை" என்றார். சர்வீஸில் எனக்குக் கிடைக்காத பாராட்டு அது.

மறுநாள் கண்மாயில் பீட்டரை நான்கு படகு நீளத்துக்கு முந்தினேன். கரையில் விசில் பறந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"வளையும்போது கொஞ்சம் அடக்கி விடுங்க மாப்ள" என்றார் மாமனார். அக்கரையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அப்புறம் ஒரு மாதம் ஓடியது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்வரை இருவரும் கொல்லையில் உட்கார்ந்து எதையாவது கழற்றுவோம். மிக்ஸி, டேபிள் ஃபேன், ஒரு நாள் என் ஸ்கூட்டர். பேச்சு அதிகம் இருக்காது. அவர் கையை நீட்டுவார். எந்த ஸ்பேனர் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய துணிமணி பையிலேயே இருந்தது. கலைமதி காலி செய்து கொடுத்த அலமாரியில் ஒரு துண்டுகூடப் போகவில்லை. குளித்துவிட்டு வந்து பையிலிருந்து எடுப்பார். காய்ந்ததை மடித்துப் பையிலேயே வைப்பார். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கலைமதியிடம், "வந்த வேலை முடிஞ்சுச்சுல்ல. மாப்ளைக்கு எதுக்குச் சங்கடம். சனிக்கிழம கெளம்புறேன்" என்றார். மூன்றாவது வீட்டுக்கே கேட்ட பேச்சு எனக்கும் கேட்டது.

இருங்க மாமா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் இடமில்லை என்று சொன்னவன் நான். எந்த முகத்தோடு சொல்வது? கலைமதி இரண்டு நாள் வெங்காயம் உரித்தாள்.

சனிக்கிழமை காலை பை வாசலுக்கு வந்துவிட்டது. மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது பீட்டர் வந்தார். கலைமதி கொடுத்த டீ டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, அங்க போயித் தனியா என்ன செய்யப் போறீங்க? எங்க வீட்டுக்கு வந்துருங்க. முன்பக்கத்து ரூமு காலியாத்தான் கெடக்கு. எங்க கூடவே இருங்க. என் போட்டையும் அப்படியே பாத்துக்கலாம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அது எப்படி பீட்டர்? எங்க மாமா எதுக்கு ஒங்க வீட்ல இருக்கணும்? அவருக்குன்னு இங்க ரூம் இருக்கு. கம்பி போட்டு வச்சிருக்கேன். அவரு ஒங்க வீட்டுக்கும் வரல, ஊருக்கும் போகல. இங்கதான் இருப்பாரு. எப்பவும்."

செருப்புத் தேடும் சத்தம் நின்றது.

"கேட்டுக்கிட்டீங்களாப்பா?" என்றாள் கலைமதி, அடுப்படியிலிருந்து. "அவரே சொல்லிட்டாரு."

மாமனார் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பீட்டரை இரண்டாவது தடவை ஜெயித்த மிதப்பில் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பீட்டர் டீயைக் குடித்து முடித்தார். படகைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை அடுப்படி வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "போதுமாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.